நீதிபதி பென் லிண்ட்சியும் டென்வர் நகரத்துப் பையன்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி ஆசிரியர்களிடமும் தன்னார்வலர்களிடமும் சிறார் சட்டம் பற்றிப் பேசப் போகும்போது நான் சட்டப் பிரிவுகளில் தொடங்குவதில்லை. அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் நீதிபதியாக இருந்த ஒருவரின் கதையில்தான் தொடங்குவேன். பேசி முடித்ததும் வருகிற கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. அவற்றையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

யார் இந்த பென் லிண்ட்சி?

1869-ல் டென்னசி மாநிலத்தின் ஜாக்சன் ஊரில் பிறந்தவர். குடும்பம் பிழைப்புக்காக டென்வர் வந்து சேர்ந்தது. அவருக்குப் 18 வயதாக இருந்தபோது அப்பா தற்கொலை செய்துகொண்டார். குடும்பப் பாரம் மூத்த பிள்ளையின் தலையில் விழுந்தது. காலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்டார், பகலில் வக்கீல் ஆபீஸில் எடுபிடி வேலை பார்த்தார், இரவில் கட்டடம் கூட்டிப் பெருக்கினார். ஒரு கட்டத்தில் மனம் உடைந்து தானும் உயிரை விடத் துணிந்தார். கையில் எடுத்த துப்பாக்கி வெடிக்கவில்லை. பிழைத்தவர் படித்து 1894-ல் வக்கீலானார். 1901-ல் டென்வரின் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிபதி ஆனார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னாளில் கூண்டில் நின்ற பையன்களை அவர் பார்த்த விதத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. பசி, அப்பா இல்லாத வீடு, இனி வழியில்லை என்ற நினைப்பு, எல்லாம் அவர் பட்டுத் தெரிந்துகொண்டவை.

சிறுவர்களுக்காகப் போராட வேண்டும் என்று அவருக்கு எப்போது தோன்றியது?

இரண்டு சம்பவங்கள் உண்டு, இரண்டையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

முதலாவது, இளம் வக்கீலாக இருந்த காலத்தில் நடந்தது. வக்கீல் வைக்க வசதியில்லாத இரண்டு திருடர்களுக்காக வாதாடும்படி நீதிமன்றம் அவரை நியமித்தது. சிறைக்குப் போய்ப் பார்த்தால், 'திருடர்கள்' இருவரும் பன்னிரண்டு வயதை ஒட்டிய பொடியன்கள். பெரிய குற்றவாளிகளோடு ஒரே அறையில் உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் நீதிபதி ஆன தொடக்க காலம். ஏதோ சாமான் கிடங்கு சம்பந்தமான வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அரசு வக்கீல் எழுந்து, சின்ன திருட்டு வழக்கு ஒன்று இருக்கிறது, நடுவில் முடித்துவிடலாமா என்று கேட்டார். ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரயில் பாதையில் நிலக்கரி எடுத்தான் என்பது குற்றச்சாட்டு. எடுத்தேன் என்று அவனும் ஒத்துக்கொண்டான். சட்டத்தில் வேறு வழியில்லை, கோல்டன் என்ற ஊரில் இருந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லித் தீர்ப்பு எழுதினார். சில நிமிஷ வேலை.

அப்போது கோர்ட்டின் பின்வரிசையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. பையனின் தாய். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அந்த அம்மா முடியை விரித்துப்போட்டு, தலையைச் சுவரில் மோதி மோதிக் கதறினாள். தாங்க முடியாமல் லிண்ட்சி எழுந்து உள்ளே போனார். தீர்ப்பை நிறுத்தி வைத்தார். அன்று இரவே அந்த வீட்டைத் தேடிப் போனார். அப்பா உலோகம் உருக்கும் ஆலையில் வேலை பார்த்து, ஈய நஞ்சு ஏறிப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வீடு குளிரில் விறைத்துக் கிடந்தது. பையன் நிலக்கரி எடுத்தது அடுப்புக்கு.

இதை மேடையில் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும். தீர்ப்பு எழுதும்போது கோப்பில் இருந்தது 'நிலக்கரித் திருட்டு' என்பது மட்டும். ஈய நஞ்சும் குளிரும் எந்தக் காகிதத்திலும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அந்த வீடு இல்லவே இல்லை.

அதன் பிறகு சட்டத்தை எப்படி மாற்றினார்? ஒரு நீதிபதிக்கு அந்த அதிகாரம் இருந்ததா?

மாற்றுவதற்கு முன்னால், கையில் இருந்த சட்டத்தைத் துருவிப் பார்த்தார். கொலராடோவில் 1899-ல் வந்த பள்ளிச் சட்டம் ஒன்றில், ஒழுங்கு தவறும் மாணவர்களைக் குற்றவாளிகளாக அல்லாமல் கண்டிக்கவேண்டிய பிள்ளைகளாக நடத்தலாம் என்று ஒரு விதி இருந்தது. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த விதி. இனிமேல் சிறுவர் மீதான புகார்களை எல்லாம் இந்தச் சட்டத்தின் கீழ் என் கோர்ட்டிலேயே போடுங்கள் என்று அரசு வக்கீலைக் கேட்டுக்கொண்டார். அவரும் சம்மதித்தார். புதுச் சட்டம் எதுவும் இல்லாமலே டென்வரில் சிறார் நீதிமன்றம் நடக்க ஆரம்பித்துவிட்டது. முறையான சட்டங்கள் 1903-ல் வந்தன. 1907-ல் அது தனி நீதிமன்றமே ஆனது.

உலகின் முதல் சிறார் நீதிமன்றம் இதுவா என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. பொதுவாக அந்தப் பெருமை சிகாகோவுக்குத் தரப்படுகிறது. ஜேன் ஆடம்ஸ், ஜூலியா லேத்ரப், லூசி ஃபிளவர் போன்ற பெண்களின் பல வருஷ உழைப்பால் 1899-ல் அங்கே தொடங்கியது. அந்த யோசனையை நாடெங்கும் கொண்டுபோய்ப் பேசியவர்களில் லிண்ட்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

சபைப் போதகர்கள் அவருக்குத் துணை நின்றார்களா?

நின்றார்கள். அந்தச் சட்டங்கள் நிறைவேறியதிலேயே அவர்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது.

டென்வர் சிறையில் சிறுவர்களைப் பெரியவர்களோடு அடைக்கிறார்கள், அங்கே சொல்லக் கூசும் கொடுமைகள் நடக்கின்றன என்று லிண்ட்சி பகிரங்கமாகச் சொன்னார். போலீஸ் தரப்பு மறுத்தது. பையன்கள் பொய் சொல்கிறார்கள், நீதிபதி மிகைப்படுத்துகிறார் என்றார்கள். அவருக்குப் பைத்தியம் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. லிண்ட்சி அறிக்கைப் போர் நடத்தவில்லை. ஆளுநர் பீபாடி, மேயர், போலீஸ் வாரியத்தார், நகரத்துப் போதகர்கள், பாதிரியார்கள் என எல்லாரையும் தன் அறைக்கு அழைத்தார். சிறைக்குப் போய்வந்த பையன்களைக் கூட்டிவரும் பொறுப்பை மிக்கி என்ற தெருப்பையன் ஒருவனிடமே ஒப்படைத்தார். மிக்கி தன் கூட்டாளிகளைத் திரட்டி வந்தான்.

ஒருவன் பின் ஒருவனாக அவர்கள் பேசினார்கள். கேட்டவர்கள் கலங்கிப் போனார்கள். கடைசியில் ஆளுநரே எழுந்து, இந்தச் சட்ட வரைவுகளில் கையெழுத்துப் போடுவதைவிடப் பெரிய காரியம் என் ஆட்சியில் எதுவும் இருக்காது என்ற பொருளில் பேசினார். அப்படியே கையெழுத்தும் போட்டார்.

எனக்கு இந்தக் காட்சியில் பிடித்தது, அங்கே யார் பேசினார்கள் என்பதுதான். சிறுவர் நலம் பற்றிய கூட்டங்களில் சிறுவர்களைத் தவிர மற்ற எல்லாரும் பேசுவார்கள். அந்த அறையில் ஆளுநரும் போதகர்களும் வாய்மூடிக் கேட்டார்கள், தெருப்பையன்கள் பேசினார்கள்.

தண்டனை பெற்ற பையன்களைக் காவல் இல்லாமல் தனியாக அனுப்பினாராமே, நிஜமா?

நிஜம். டென்வருக்கு மேற்கே இருக்கிறது கோல்டன். தீர்ப்பான பையன்களை வழக்கமாக ஷெரீஃபின் ஆள் கூட்டிப்போவார். லிண்ட்சி அந்த வழக்கத்தை நிறுத்தினார். உத்தரவுக் காகிதத்தைப் பையன் கையிலேயே கொடுத்து, டிராம் காசும் கொடுத்து, நீயே போய்ச் சேர் என்பார். வழியில் இறங்கி ஓடிவிட எல்லா வசதியும் உண்டு. ஆனால் ஒரு சிலரைத் தவிர எல்லாரும் நேராகப் போய்க் கதவைத் தட்டினார்கள்.

மனம் இளகியதால் மட்டும் செய்த காரியம் இல்லை இது. பையன்களின் உலகத்தில் ஒரு கௌரவம் இருக்கிறது என்பதை அவர் கவனித்திருந்தார். கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பது அவர்களிடையே பெரிய துரோகம். அதனால் அடுத்தவனைக் காட்டிக்கொடு என்று அவர் கேட்கவே மாட்டார். 'நீ செய்ததை நீயே வந்து சொல், உன் சினேகிதனும் அவனாகவே வந்து சொல்லட்டும்' என்பது அவர் வழி. ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போய், மறுநாள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருவான்.

சனிக்கிழமை காலைகளில் கண்காணிப்பில் இருக்கும் பையன்கள் எல்லாரும் கோர்ட்டுக்கு வரவேண்டும். கையில் பள்ளி ஆசிரியர் எழுதிக் கொடுத்த நடத்தைக் குறிப்பு இருக்கும். நீதிபதி உயரத்தில் உட்காராமல் கீழே இறங்கி வந்து ஒவ்வொன்றாக வாசிப்பார். ஆளே சின்ன உருவம். பையன்களுக்கு நடுவில் நின்றால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நல்ல குறிப்பு வந்தால் எல்லார் முன்னாலும் பாராட்டு. மோசமாக வந்தால், என்னடா ஆச்சு என்ற விசாரிப்பு.

அப்படியானால் தவறு செய்தவர்கள் யாருக்குமே தண்டனை இல்லையா?

உண்டு, பெரியவர்களுக்கு! பிள்ளை கெட்டுப்போகக் காரணமாக இருக்கும் பெரியவர்களைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை 1903-ல் கொலராடோ கொண்டுவந்தது. சிறுவனுக்குச் சாராயம் விற்ற கடைக்காரர், கண்டுகொள்ளாமல் விட்ட பெற்றோர் என எவரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடிந்தது. பையன்களையும் அவர் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பாமல் இல்லை. அதைக் கடைசிப் படியாக வைத்துக்கொண்டார், அவ்வளவே.

இவ்வளவு நல்ல முறை என்றால் இதில் குறையே கிடையாதா?

உண்டு, பெரிய குறை. லிண்ட்சியை நேசிப்பவன் என்பதால் இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

நீதிபதி அப்பா மாதிரி, பிள்ளையின் நன்மையைத்தான் பார்ப்பார், ஆகவே வக்கீல் எதற்கு, சாட்சி விசாரணை எதற்கு, எழுத்துப் பதிவு எதற்கு என்று அந்தக் காலச் சிறார் நீதிமன்றங்கள் நினைத்தன. லிண்ட்சியும் சட்ட நுணுக்கங்களைப் பெரிதாக மதித்தவர் இல்லை. நீதிபதி லிண்ட்சியாக இருக்கும்வரை இது ஓடும். இல்லாவிட்டால்?

1964-ல் அரிசோனாவின் ஹீலா கவுன்டியில் ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையன் மீது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டு ஆபாசமாகப் பேசினான் என்று புகார். பெற்றோர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் போலீஸ் அவனைக் கூட்டிப்போனது. வீட்டுக்கு ஒரு தகவல் வைக்கவில்லை. வக்கீல் கிடையாது. புகார் கொடுத்த பெண் கோர்ட்டுக்கு வரவே இல்லை. விசாரணையில் யார் என்ன சொன்னார்கள் என்ற பதிவும் கிடையாது. 21 வயதுவரை அரசுத் தொழிற்பள்ளியில் அடைக்க உத்தரவு, அதாவது ஆறு வருஷம். இதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை.

1967 மே 15-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. குற்றச்சாட்டு என்ன என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை வேண்டும், தனக்கு எதிராகத் தானே பேசாதிருக்கும் உரிமை வேண்டும், இவை சிறுவர்களுக்கும் உண்டு என்றது. சிறுவனாக இருப்பதாலேயே ஒருவனைப் பேருக்கு ஒரு விசாரணை நடத்தி அனுப்பிவிட முடியாது என்று நீதிபதி ஏப் ஃபோர்டஸ் எழுதினார்.

நான் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறேன். நிலக்கரிப் பையனின் வீட்டுக்குப் போன கால்கள் வேண்டும். ஜெரால்டுக்குக் கிடைக்காத வக்கீலும் வேண்டும். இரக்கம் இருக்கிறதே, உரிமை எதற்கு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

போதகர்களோடு பிற்பாடு சண்டை வந்தது ஏன்?

1920-களில் இளைஞர்களின் காதல், திருமணம் பற்றி லிண்ட்சி எழுத ஆரம்பித்தார். குழந்தைப் பேற்றைத் தள்ளிப்போடக் கருத்தடை, குழந்தையில்லாத தம்பதி இருவரும் ஒப்பினால் மணமுறிவு, இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் வேண்டும் என்றார். அன்று அது பெரும் அதிர்ச்சி. 1930 டிசம்பரில் நியூயார்க்கின் செயின்ட் ஜான் பேராலயத்தில் எபிஸ்கோபல் சபையின் பேராயர் மேனிங் அவரைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். லிண்ட்சி அந்த ஆராதனையிலேயே உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடிந்ததும் எழுந்து, பதில் சொல்ல எனக்குச் சில நிமிஷம் கொடுங்கள் என்று உரக்கக் கேட்டார். அவரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். கைதும் ஆனார், பிறகு வழக்கு தள்ளுபடியானது.

ஆராதனை நடுவே அப்படி எழுந்தது சரியா என்று விசுவாசிகள் என்னிடம் கேட்பார்கள். ஆலயத்துக்குள் செய்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் அதற்காக, 1903-ல் அந்த அறைக்குள் வந்து பையன்கள் பேசியதைக் காதுகொடுத்துக் கேட்ட போதகர்களை மறந்துவிடக் கூடாது.

பதவி ஏன் பறிபோனது?

1924 தேர்தலில், வெள்ளையர் ஆதிக்கத்துக்காக இயங்கிய கூ கிளக்ஸ் கிளான் என்ற அமைப்பு கொலராடோவில் கொடிகட்டிப் பறந்தது. லிண்ட்சி அவர்களை வெளிப்படையாக எதிர்த்தார். சொற்ப வாக்கில் ஜெயித்தார். எதிர்த்தரப்பு வழக்குப் போட்டது. 1927-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றிச் சொல்ல, இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து இறங்கினார். 1929-ல் வக்கீல் உரிமமும் போனது, அது பின்னால் திரும்பக் கிடைத்தது. கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, 1934-ல் லாஸ் ஏஞ்சலிஸ் உயர்நிலை நீதிமன்றத்துக்கு நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1943-ல் காலமானார்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அமெரிக்காவில் 1899-ல் கிளம்பிய அந்த அலை மிக விரைவிலேயே நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் 1920-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சிறுவரைப் பெரியவரோடு அடைக்காதே, தனியாக விசாரி என்ற எண்ணம் அதிலேயே இருந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1986-ல் வந்தது. பிறகு 2000, இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம்.

சிறார் வழக்குகளை விசாரிக்கும் இன்றைய இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்கார வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் பையனின் வீட்டு நிலவரத்தை விசாரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். லிண்ட்சி அன்று இரவு தானே நடந்துபோய்ப் பார்த்ததை இந்த அறிக்கை காகிதத்தில் செய்கிறது. செய்ய வேண்டும். பக்கத்து வீட்டில் நாலு வார்த்தை கேட்டு எழுதிய அறிக்கைகளும் வருகின்றன. அப்படி ஒன்றைப் பார்த்தால் பெற்றோர் அங்கேயே எழுந்து சொல்லலாம், சொல்ல வேண்டும்.

என் பையனைப் போலீஸ் பிடித்துப் போனால் நான் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதற்றத்தில் அவனை அடிக்காதீர்கள். முதலில் வயதுக்கான ஆதாரத்தைத் தேடி எடுங்கள். பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டும் முக்கியம். 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பிணை கொடுக்க முடியாத குற்றம் என்று ஸ்டேஷனில் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சிறார் விஷயத்தில் அந்தப் பிரிவினை இல்லை. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து வரும், நீதிக்குக் குந்தகம் வரும் என்று குழுமம் கருதினால் மட்டும் மறுக்கலாம். அதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம்.

16 முதல் 18 வயதுக்குள் இருந்து, கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடுங்குற்றமாக இருந்தால் விஷயம் வேறு. பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பிடும். 2012 டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு எழுந்த கோபத்தில் வந்த மாற்றம் இது. அப்போதும் தூக்குத் தண்டனையோ, விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. இந்த நிலையில் நல்ல வக்கீல் இல்லாமல் ஒரு நாள்கூடக் கடத்தாதீர்கள்.

பேப்பரில் பெயர் வந்துவிட்டால்? நாளைக்கு வேலைக்குப் போகும்போது இந்த வழக்கு துரத்தாதா?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இது. வழக்கு நடக்கும்போது சிறுவர்களை வைத்திருக்கும் ஒரு கூர்நோக்கு இல்லத்தின் வாசலில், முந்தானையில் முடிந்திருந்த பஸ் காசை எண்ணிக்கொண்டே ஓர் அம்மா கேட்டார்: "சார், இவன் பேர்ல எழுதிட்டாங்க. அத அழிக்கவே முடியாதா?"

பெயர், படம், படிக்கும் பள்ளி, எதையும் வெளியிடக் கூடாது. சட்டத்தின் 74-ம் பிரிவு அதைக் குற்றமாக்கியிருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறவருக்கும் அது பொருந்தும். 24-ம் பிரிவின்படி, பெரியவரைப் போல விசாரித்துக் குற்றவாளி என்று கண்ட வழக்குகளைத் தவிர, இந்தத் தீர்ப்பால் படிப்புக்கோ வேலைக்கோ எந்தத் தகுதிக் குறைவும் வராது. மேல்முறையீட்டுக் காலம் போன்றவை முடிந்த பிறகு ஆவணங்களை அழிக்கச் சொல்லி குழுமம் உத்தரவிட வேண்டும். உத்தரவு போட்டார்களா என்று நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லிவிட்டு லிண்ட்சியின் கதையையும் சொன்னேன். கால் நூற்றாண்டாக ஆயிரக்கணக்கான பையன்களும் பெண்பிள்ளைகளும் அவரை நம்பிச் சொன்ன ரகசியங்கள் கோப்புகளாக அவரிடம் குவிந்திருந்தன. பதவி போனதும் அவை எதிரிகளின் கைக்குப் போகக்கூடும் என்ற நிலை. 1927-ல் அவரும் மனைவி ஹென்ரியட்டாவும் சேர்ந்து அந்தக் கோப்புகளைத் தீயில் போட்டு எரித்தார்கள்.